வேதிகையின் சோர்வு

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், வெட்டாற்றின் தென்கரையில் அமைந்த திருத்தலம் திருக்கருகாவூர். ஞானசம்பந்தரும் அப்பரும் பாடிப் பரவிய இத்தலத்தில் முல்லைவனநாதரும் கர்ப்பரக்ஷாம்பிகையும் எழுந்தருளியிருக்கின்றனர். மகப்பேறு வேண்டுவோர் இங்கே நெய்ப் பிரசாதம் பெற்றுச் செல்கின்றனர். கருவுற்ற பெண்டிர் சுகப்பிரசவம் வேண்டி விளக்கெண்ணெய்ப் பிரசாதம் பெறுகின்றனர். மகளுக்காகவும் மருமகளுக்காகவும் பேத்திக்காகவும் இச்சந்நிதியில் கைகூப்பி நிற்கும் முதியோர் ஏராளம்.

இத்தலத்தின் புராணத்தை அவர்களில் பலர் அறிவர். நித்துருவ முனிவரும் அவர் மனைவி வேதிகையும் இங்கே வழிபட்டுப் பிள்ளைப்பேறு வாய்க்கப் பெற்றனர். வேதிகை கருவுற்றிருந்த ஒருநாள், கணவர் இல்லத்தில் இல்லாத வேளையில், ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் பிட்சை வேண்டி வாயிலில் வந்து நின்றார். கர்ப்பத்தின் அயர்ச்சியால் வேதிகையால் எழுந்து வந்து உபசரிக்க இயலவில்லை. அவள் தம்மை அலட்சியம் செய்ததாகக் கருதிய முனிவர் சினந்து சபித்தார். அவள் நோயுற்றாள், கரு கலைந்தது. அவள் அம்பிகையைச் சரணடைந்தாள். கலைந்த கருவை அம்பிகை ஒரு குடத்திலே வைத்துக் காத்து, நைத்துருவன் என்னும் குழந்தையாக்கி அளித்தாள்.

அம்பிகையின் கருணையைச் சொல்லவே இக்கதை சொல்லப்படுகிறது. ஆயினும் அதனுள் இல்லறத்தாருக்கான படிப்பினையும் ஒன்று உண்டு. வேதிகை செய்த குற்றம் என்ன? எழ முடியாமல் இருந்தது. முனிவருக்கு நேர்ந்த பிழை என்ன? கண்ணுக்குத் தெரியாத அயர்ச்சியை அலட்சியம் என்று எண்ணியது. தவத்தில் முதிர்ந்தவருக்கே நேர்ந்த பிழை, வயதில் முதிர்ந்தவர்களுக்கும் நேரக்கூடும்.

தெரியாத வலி

கர்ப்ப காலத்தில் தோன்றும் முதுகு வலியும் இடுப்பு வலியும் இத்தகைய கண்ணுக்குப் புலப்படாத துன்பங்களே. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஏதேனும் ஒரு மாதத்தில் இதை அனுபவிக்கின்றனர். காய்ச்சல் போல் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. வீக்கம் போல் கண்ணால் காணவும் முடியாது. “அத்தை, இடுப்பு கழன்று விடும் போல இருக்கிறது” என்று மருமகள் சொன்னால், அச்சொல் ஒன்றே சான்று.

அப்போது பல இல்லங்களில் எழும் மறுமொழி ஒன்றே: “நாங்கள் பெறாத பிள்ளையா? பிரசவத்தன்று காலை வரை கிணற்றில் நீர் இறைத்தோம்.” சொல்வது பொய்யன்று. ஆனால் அந்நாளில் ஒரே கூரையின் கீழ் நாத்தனாரும் ஓர்ப்படியும் பாட்டியும் இருந்தனர்; ஒருத்தி உட்கார்ந்தால் மற்றொருத்தி எழுந்தாள். வலித்தவர்களும் வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை. இன்றைய பெண்ணோ எட்டு மணி நேரம் கணினியின் முன் அமர்ந்து, நெரிசலான பேருந்தில் நின்று வந்து, இரவுச் சமையலுக்கு அடுப்பின் முன் நிற்கிறாள். இரண்டு தலைமுறையின் உழைப்பையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது.

இவ்வலிக்குக் காரணம் சோம்பலோ மனப்பிரமையோ அன்று. உடலே செய்யும் ஏற்பாடு. பிரசவத்திற்கு வழிவிடும் பொருட்டு, ரிலாக்ஸின் முதலிய ஹார்மோன்கள் இடுப்பெலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. கட்டுத் தளர்ந்த மூட்டுகள் சிறிது அசைந்து வலிக்கின்றன. வயிறு முன்னே பெருக்கப் பெருக்க உடலின் சமநிலை முன்பக்கம் சாய்கிறது. விழாமல் நிற்க முதுகு பின்னால் வளைகிறது. அடிமுதுகின் தசைகள் நாள் முழுதும் இழுபட்டு நிற்கின்றன. வயிற்றுத் தசைகளோ விரிந்து வலுக் குறைகின்றன. இவற்றோடு பத்துப் பன்னிரண்டு கிலோ எடையும் கூடுகிறது. இத்தனையும் தாங்கும் இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

சிலருக்கு வலி அடிமுதுகில் நிலைகொள்ளும். வேறு சிலருக்குப் பிட்டத்தின் மேற்புறத்திலோ, முன்னே அடிவயிற்றின் கீழுள்ள எலும்பிலோ குத்தும். படுக்கையில் புரளும்போதும், மாடிப்படி ஏறும்போதும், ஒற்றைக் காலில் நின்று புடவை மாற்றும்போதும் அது மிகும். “சற்று முன் நன்றாகத்தானே நடந்தாள், படியேறச் சொன்னால் மட்டும் வலியா?” என்ற ஐயத்திற்கு விடை இதுவே. நடக்கையில் தோன்றாத வலி, ஒரு காலில் பாரம் ஊன்றும் போது தோன்றுவது அந்நோவின் இயல்பு.

இல்லத்தில் செய்யத் தக்கவை

பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரைகளில் சில பொன் போன்றவை. “மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு” என்பது அவற்றுள் ஒன்று. ஏழாம் மாதம் தொடங்கும் 28-ஆம் வாரத்திற்குப் பின் மல்லாந்து உறங்கினால், கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தக்கூடும் என்று இன்றைய மருத்துவமும் கூறி, ஒருக்களித்தே உறங்கச் சொல்கிறது. முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும், வயிற்றின் கீழ் ஒரு சிறு தலையணையும் வைத்துக்கொண்டால் இடுப்பின் இழுப்புக் குறையும். விழித்துப் பார்க்கையில் மல்லாந்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் போதும்.

“புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு” என்பது மற்றோர் அறிவுரை. இதற்கு ஆதாரம் இல்லை. தாய் புரள்வதால் தொப்புள்கொடி சுற்றுவதில்லை. குழந்தை தானே கருப்பையில் அசைவதால் சுற்றுகிறது. இரவில் பலமுறை எழுந்து உட்கார்ந்து திரும்புவது நொந்த இடுப்பை மேலும் நோகச் செய்யும். முழங்கால்களை மடக்கி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புவதே நலம். படுக்கையிலிருந்து எழுகையில் முதலில் பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கைகளை ஊன்றி எழ வேண்டும். நேராக நிமிர்ந்து எழக் கூடாது.

“குனிந்து பெருக்கினால் சுகப்பிரசவம்” என்பதும் பலர் நம்பும் சொல். உடலுழைப்பு நல்லதே, வலிக்கும் முதுகைக் குனியவைப்பது நல்லதன்று. அதற்கு ஈடாகத் தினமும் சிறிது நேரம் சமதளத்தில் நடக்கலாம். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிப் பூனை முதுகை உயர்த்துவது போல மெல்ல உயர்த்தி, மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவரும் பயிற்சி அடிமுதுகின் இறுக்கத்தைத் தளர்த்தும். எப்பயிற்சியையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் கற்பித்தால் மிகச் சிறப்பு. இடுப்புப் பட்டையும் அவ்வாறே. பிறர் அணிந்தது கண்டு வாங்கி அணியலாகாது.

நீர்க்குடத்தை ஒரு பக்க இடுப்பில் சுமப்பதும், மூத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை செய்வதும் தளர்ந்த மூட்டுகளுக்குப் பகை. இவ்விரண்டையும் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டாலே வலி பாதி குறையக் கூடும். தரையிலுள்ள பொருளை எடுக்க நேர்ந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி அமர்ந்து எடுக்க வேண்டும். அடுப்பின் முன் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் ஒரு தாழ்ந்த மரக்கட்டையை வைத்து, அதன்மேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கலாம். காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றலாம். நாற்காலியில் அமர்கையில் அடிமுதுகின் பின் ஒரு சிறு தலையணை வேண்டும். பாதம் தொங்காமல் தரையிலோ பலகையிலோ படிய வேண்டும்.

இவை எவற்றுக்கும் பணம் வேண்டுவதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர், “அதை வை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் மனம் ஒன்றே வேண்டும்.

பெரியவர்களின் மருந்துப் பெட்டி

முதியோர் உள்ள வீடுகளில் மூட்டுவலி மாத்திரைக்குப் பஞ்சமில்லை. வலியால் துடிக்கும் பெண்ணைக் கண்டு மனம் பொறாமல், “எனக்கு டாக்டர் கொடுத்ததுதான், பாதி போட்டுக்கொள்” என்று நீட்டும் பரிவும் அங்கே உண்டு. அப்பரிவு ஆபத்தாக முடியலாம். முழங்கால் வலிக்கெனத் தரப்படும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்திற்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என 2020-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் அவை குழந்தையின் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயைக் காலத்திற்கு முன்பே மூடச் செய்யவும் கூடும். ஆகவே பெரியவர்களின் மாத்திரையைக் கர்ப்பிணிக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. வலி தணிக்கும் களிம்பையும் மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும். மாத்திரை இன்றியமையாதபோது பெரும்பாலும் பாரசிட்டமாலையே மருத்துவர்கள் தருகின்றனர்; அதுவும் அவர்கள் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே. மருத்துவரே எழுதித் தந்த மாத்திரை எதையும், வீட்டாரின் அச்சத்தால் நிறுத்தவும் கூடாது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கஷாயப் பொடியும் லேகியமும் இவ்விதிக்கு விலக்கல்ல. தேர்ந்த சித்த, ஆயுர்வேத மருத்துவரைக் கேளாமல் அவற்றைக் கொடுப்பது தகாது.

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அடிமுதுகில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். கொதிக்கும் சூடு ஆகாது. வயிற்றின் மேல் ஆகவே ஆகாது. நல்லெண்ணெயை மென்மையாகத் தடவிவிடுவதும் இதம் தரும். ஆனால் சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி முறுக்குவதும், காலால் மிதித்து விடுவதும், வயிற்றை நீவுவதும் கூடவே கூடாது.

சந்நிதியில் சலுகை

கருவுற்ற பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதில் தவறில்லை. மனத்திற்கு அது மிகுந்த ஆறுதல். எந்தக் கோயிலுக்கு, எந்த வேளையில், எவ்வாறு என்பதே யோசிக்க வேண்டியது. பிரதோஷ மாலையிலும் திருவிழாக் கூட்டத்திலும் இரண்டு மணி நேரம் அசையாது வரிசையில் நிற்பது, நடப்பதைவிடக் கடினமானது. சாதாரண நாளில், கூட்டமில்லாத முற்பகலில் சென்றால் அமைதியாகத் தரிசிக்கலாம். கோயில் பணியாளரிடம் நிலைமையைச் சொன்னால் பெரும்பாலும் வழிவிடுவர்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பழனியில் 700-க்குச் சற்றுக் குறைந்த படிகள். இவற்றைப் பிள்ளைப்பேற்றுக்கு முன்பு நிறைவேற்றியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், வேண்டுதலை ஒத்திவைக்கலாம். அல்லது குடும்பத்தில் வேறொருவர் அவளுக்காக நடக்கலாம். அடிப்பிரதட்சணமும் அவ்வாறே. தரையில் விழுந்து வணங்குவதற்கு ஈடாக நின்றபடி கைகூப்பினாலும் தெய்வம் ஏற்காமல் போகாது.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. பிரசவ காலம் நெருங்கிய ரத்னாவதி தாயின் வரவுக்குக் காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகி, தாயால் இக்கரைக்கு வர இயலவில்லை. சிவபெருமானே அத்தாயின் உருவில் வந்து பேறுகாலம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் வந்தவர் யாரென்று விளங்கியது. மலைமேல் உறையும் இறைவனை நோக்கி அவள் படியேறி வரவில்லை. அவளுடைய வீட்டுக்கு அவரே இறங்கி வந்தார். கருவுற்றவள் கஷ்டப்பட்டு ஏறினால்தான் அருள் கிட்டும் என்று எண்ணுவோர்க்கு அத்தலமே விடை சொல்கிறது.

சீமந்தத்திலும் வளைகாப்பிலும் கவனம் வேண்டும். ஹோமப் புகையின் முன் மணையில் சம்மணமிட்டு இரண்டு மூன்று மணி நேரம் அமர்வது, வலியுள்ளவளுக்குப் பெருஞ்சோதனை. முன்கூட்டியே வாத்தியாரிடம் சொல்லி, தாழ்ந்த இருக்கையில் அமரவும், இடையிடையே எழுந்து நாலடி நடக்கவும் ஏற்பாடு செய்யலாம். வளைகாப்பில் நூறு பேர் வளையிட வரும்போது, சாய்வுள்ள நாற்காலியும் முதுகுக்கு ஒரு தலையணையும் அவசியம். அவளை வாழ்த்தவே அவ்விழா. அவளைச் சோர்வடையச் செய்ய அன்று.

எப்போது விரைய வேண்டும்

“மாசமாக இருந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்” என்ற சொல் இருவகையில் தீங்கு செய்கிறது. அது சாதாரண வலிக்கு உதவி கிட்டாமல் செய்கிறது. சாதாரணமல்லாத வலியை மறைத்தும் விடுகிறது. வயதான பெண்மணி ஒருவர் வீட்டிலிருந்தால், கீழ்க்கண்ட குறிகளைக் கவனிக்கும் கண்ணாக அவர் விளங்கலாம்.

37 வாரம் நிறைவதற்கு முன், விட்டு விட்டு ஒழுங்காக வந்து போகும் இடுப்பு வலியோ, அடிவயிறு இறுகித் தளர்வதோ தோன்றினால், அது குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். நீர்க்கசிவோ இரத்தக்கசிவோ கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலித்து, குளிர் காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். கால்கள் மரத்துப் போதல், வலுவிழத்தல், தொடைகளின் உட்புறம் உணர்விழத்தல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை ஆகியவை நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தினும் குறைந்தாலும், கடுந்தலைவலியுடன் பார்வை மங்கினாலும் அவ்வாறே விரைய வேண்டும்.

இவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவாயினும், நாள் பார்க்காமல், ராகு காலம் எமகண்டம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லையெனில் 108 எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும். மாதந்தோறும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென இலவசச் சிறப்புப் பரிசோதனை 2016 முதல் நடைபெறுகிறது. நீடித்த முதுகு வலியைப் பற்றி அங்கும் தயங்காமல் கேட்கலாம்.

விருந்தினருக்கு முன்னே

வாசலில் வந்த அதிதியைக் காக்க வைப்பது பெரும் பாவம் என்று போற்றிய மரபு இது. அதே மரபின் தர்ம நூல் ஒரு விலக்கையும் சொல்லிவைத்தது. புதிதாக மணமானவள், சிறுமி, நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு அதிதிக்கும் முன்பாகவே, தயங்காமல் உணவிட வேண்டும் என்பது மனு ஸ்மிருதியின் விதி. ஓடத்துறையில் இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட கர்ப்பிணியிடம் ஓடக்கூலி வாங்கலாகாது என்றும் அந்நூல் கூறுகிறது. வயிறு வெளியே தெரியாத இரண்டாம் மாதத்திலிருந்தே அச்சலுகை தொடங்குவதைக் காண வேண்டும். காணாத பாரத்தையும் பாரமென்றே முன்னோர் கணக்கிட்டனர்.

அந்த விதியை ஊர்த்துவபாதர் ஒரு கணம் நினைத்திருந்தால் சாபம் பிறந்திராது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒரு கணம் பெரியவர்களின் கையில் இருக்கிறது. “வலிக்கிறது” என்ற சொல்லைக் கேட்டதும் பழங்கதையைத் தொடங்காமல், “எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?” என்று கேட்டு, உட்கார ஒரு நாற்காலியும் முதுகுக்கு ஒரு தலையணையும் எடுத்துத் தரும் மாமியாரும் மாமனாரும் பாட்டியும் உள்ள இல்லத்தில், கர்ப்பரக்ஷாம்பிகையின் பணியில் ஒரு சிறு பங்கு அன்றாடம் நடைபெறுகிறது. திருக்கருகாவூரில் பெற்றுவந்த எண்ணெய்ப் பிரசாதத்தைப் பூஜை அறையில் வைத்த கை, அடுத்ததாக அவள் தூக்கவிருந்த நீர்க்குடத்தைத் தூக்கட்டும்.

கருவைச் சுமக்கும் பெண்கள் அனைவருக்கும் அம்பிகை துணை நிற்பாளாக.